புகைதான் வரவில்லையே என்கிறவர்களுக்கு

இந்தோனேசியாவில், மேற்கு சுமத்ராவின் புக்கிட்டிங்கி ஊருக்குக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். போன பயணத்திலும் ஒருவர், பசியாறும்போது ஜன்னலுக்கு வெளியே மராபி எரிமலையைக் காட்டிக் கேட்டார்: "புகையே வரலையே சார், மேலே போய்ட்டு வந்துடலாமா?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

புகை வராத எரிமலை தூங்குகிற எரிமலை அல்ல. 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மராபி வெடித்தபோது மேலே 75 பேர் இருந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். முன்கூட்டி நில அதிர்வுகள்கூடப் பெரிதாக ஏறவில்லை. அன்று எச்சரிக்கை நிலை நான்கில் இரண்டு. "இரண்டுதானே" என்று இழுக்காதீர்கள், இது பரீட்சை மார்க் இல்லை. எரிமலை வாயிலிருந்து 3 கி.மீ.க்குள் யாரும் போகக் கூடாது என்பதும் அந்த இரண்டாம் நிலையில் சொல்லப்பட்டதுதான். உள்ளூர்ப் பையன் கூட்டிப் போகிறேன் என்கிறானா? அவனுக்கு வழி தெரியும், அவ்வளவுதான். மலை எப்போது வெடிக்கும் என்று அவனுக்கும் தெரியாது.

இன்னொன்று: ஜாவாவில் இருப்பது மெராபி, இங்கே இருப்பது மராபி. தவறான மலையின் செய்தியைப் படித்துவிட்டு "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று எனக்கே அனுப்பி வைக்கிறார்கள்!

மலை ஏறாவிட்டால் என்ன குறைந்துவிடும்? சியானோக் பள்ளத்தாக்கின் விளிம்பில் நில்லுங்கள். சுமார் நூறு மீட்டர் செங்குத்துச் சுவர்கள். மனிஞ்ஜாவ் எரிமலை எப்போதோ கக்கிய சாம்பல் இறுகியதை ஆறு அறுத்தது. அடியிலேயே ஜப்பானியர் குடைந்த சுரங்கம். ஊர் நடுவில் 1926இல் கட்டிய ஜாம் காடாங் மணிக்கூண்டு: டச்சுக்காரர் காலத்தில் குவிமாடம், ஜப்பானியர் வந்ததும் அவர்கள் பாணிக் கூரை, விடுதலைக்குப் பிறகு எருமைக்கொம்பு போல வளைந்த, இங்குள்ள மினாங்கபாவ் மக்களின் கூரை. கடிகார முகப்பில் நான்கைக் குறிக்க IV இல்லை, நான்கு கோடுகள் (IIII). பாருங்கள்.

மழைக்காலத்தில் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சரிவில் கிடக்கும் சாம்பலும் பாறையும் மழையோடு வெள்ளமாக இறங்கினால் அதைத்தான் இங்கே கலோடோ என்கிறார்கள். 2024 மே 11 இரவு அப்படி இறங்கியதில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். லெம்பா அனாய் அருவிப் பக்கம் பாடாங் நகருக்குப் போகும் சாலையே அறுந்துபோனது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலைமேல் கருத்திருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள். செல்ஃபி அப்புறம்.

பையில் நல்ல முகக்கவசம் இரண்டு. சாம்பலால் பாடாங் விமான நிலையம் மூடப்படுவதுண்டு, அதனால் கையில் ஒரு நாள் மிச்சம். கிளம்பும் காலையில் எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிடுங்கள், மராபியுடையதை.