சுவடிக்கும் பழைய ஆவணத்துக்கும் யுனெஸ்கோ அங்கீகாரம்: யாருக்கு, எப்படிக் கிடைக்கும்?

டெல்லியில நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு ஜன்பத் நேஷனல் ஆர்கைவ்ஸ் பில்டிங்கைத் தாண்டித்தான் ஆபீஸ் போறோம், உள்ள கில்கிட் சுவடிகள்னு பழைய பௌத்தக் கையெழுத்துப் பிரதிகள் இருக்கு, அது 2017ல யுனெஸ்கோவோட மெமரி ஆஃப் தி வேர்ல்ட் (உலக நினைவுப் பதிவேடு) ரெஜிஸ்டர்ல ஏறியிருக்குன்னு யாரும் பேசி நான் கேட்டதில்ல. அதைவிட நம்ம தெரிஞ்சுக்க வேண்டியது, இந்தியாவுல இருந்து அந்த ரெஜிஸ்டர்ல முதல்ல ஏறினதே தமிழ்ச் சுவடிதான். சென்னை ஆசியவியல் நிறுவனத்துல இருக்கிற தமிழ் மருத்துவச் சுவடிகள், 1997. அப்புறம் 2005ல பாண்டிச்சேரி சைவச் சுவடிகள், சுமார் 11,000 இருக்கும்.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு கிடைச்சது உலகப் பாரம்பரியச் சின்னம், அது இடத்துக்கும் கட்டடத்துக்கும். இந்த மெமரி ஆஃப் தி வேர்ல்ட் சுவடி, கையெழுத்துப் பிரதி, அரசு ஆவணம், ஒலிப்பதிவு, படச்சுருள் இதுக்கெல்லாம், 1992ல ஆரம்பிச்சது. லைப்ரரி, மியூசியம், ஆர்கைவ்ஸ், ட்ரஸ்ட் எது வச்சிருந்தாலும் முயற்சி பண்ணலாம், ஆனா விண்ணப்பம் நம்ம நாட்டு அரசு வழியாத்தான் போகணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு சுற்று, ஒரு நாட்டுக்கு ரெண்டே விண்ணப்பம், அதனால நிஜமான போட்டி நாட்டுக்குள்ளயே முடிஞ்சுடும். பல நாடு சேர்ந்து போட்டா அது இந்தக் கணக்குல வராது. டச்சு கிழக்கிந்திய கம்பெனி ஆவணங்கள் 2003ல அப்படித்தான் ஏறிச்சு, அதுல சென்னையில இருக்கிற ஆவணமும் சேர்த்தி. ஆசிய பசிபிக்குக்கு தனி ரெஜிஸ்டரும் இருக்கு, 2024ல டெல்லி இந்திரா காந்தி தேசிய கலை மையம் அதுக்கு மூணு அனுப்பி மூணும் ஏறிடுச்சு.

காசு வருமான்னா, வராது. சட்டப் பாதுகாப்பும் இதனால தானா வந்துடாது. (பாதுகாப்பு வேலைக்கு யுனெஸ்கோவோட ஜிக்ஜி பரிசுன்னு 30,000 டாலர் தனியா இருக்கு.) ஆனா நிதி கேட்டுப் போகும்போதும் ஆராய்ச்சியாளரைக் கூப்பிடும்போதும் இந்தப் பேரு கண்டிப்பா பேசும்.

பழசுங்கிறதுக்காக மட்டும் எடுத்துக்க மாட்டாங்க. எங்கிருந்து வந்துச்சு, யார் கையில இருந்துச்சு, அசல்தானா, வேற எங்கயாவது பிரதி இருக்கா, முழுசா இருக்கா, உலகத்துக்கு இதனால என்ன முக்கியத்துவம், யாருக்குச் சொந்தம், மத்தவங்க வந்து பார்க்க முடியுமா, எப்படிப் பாதுகாக்கப் போறீங்க, எல்லாத்துக்கும் பதில் எழுதணும். பல இடத்துல வேலை நிக்கிறது இங்கதான், ஏன்னா பீரோவுல கட்டு இருக்கு, கேட்டலாக் இல்ல. ஒரு சுவடிக்கட்டைப் பிரிச்சா ஏட்டுல தமிழ் எண் போட்டிருக்கும், அதை வரிசையா எண்ணினாலே எந்த ஏடு காணோம்னு தெரிஞ்சுடும். கடைசி ஏட்டுல சில சமயம் எழுதினவர் பேரும் துன்மதி வருஷம், ஆடி மாசம்னு தேதியும் இருக்கும். அந்த வருஷப் பேரு 60 வருஷத்துக்கு ஒருதரம் திரும்ப வருங்கிறதால எந்த துன்மதின்னு வேற ஆதாரத்தோட சேர்த்துப் பார்க்கணும். இந்த வேலைக்கு பொறுமையா ஒரு ஆள் உக்காரணும், அதுக்கு சம்பளம் குடுக்க சங்கங்களும் ட்ரஸ்ட்களும் தயங்கவே கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

வீட்டுல தாத்தா காலத்துக் கட்டு ஒண்ணு ரெண்டு வச்சிருக்கிறவங்களுக்கு இந்த ரெஜிஸ்டர் ரொம்ப தூரம், ஆனா சட்டம் கிட்டத்துலயே இருக்கு. 1972 தொல்பொருள் சட்டப்படி வரலாற்று, இலக்கிய, அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 வருஷம் தாண்டிட்டா அது தொல்பொருள், தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அமெரிக்காவுல இருக்கிற பிள்ளைக்கு நினைவா குடுத்து அனுப்பலாம்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு ஏட்டையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, எத்தனை ஏடு, எந்த ஊர்ல இருந்து வந்துச்சு, யாரு வச்சிருந்தாங்கன்னு பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க. உடைஞ்ச ஏட்டுல செலோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, எண்ணெய் தடவுறதுக்கு முன்னாடி சுவடி பராமரிப்பு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க.