மலிவாக வீடு கிடைக்கும் ஊருக்குக் குடும்பத்தோடு குடிபோகும் முன்

சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு தம்பதியர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு ஆண்டுகளாக இங்கே வாழ்பவர்கள். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள். கணவர் ஆலை இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளர், மனைவி ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார்கள். ஒன்று, குவாசூலு-நட்டாலின் வடக்கில் உள்ள நியூகாஸில் நகரத்தில் கணவருக்குக் கிடைத்திருந்த வேலைக் கடிதம். மற்றொன்று, அதே ஊரில் விற்பனைக்கு இருந்த ஒரு வீட்டின் படம். நான்கு படுக்கையறை, இரட்டைக் கார் நிறுத்தம், பின்னால் எலுமிச்சை மரம், விலை 8 லட்சம் ராண்ட். அவர்கள் இங்கே இருக்கும் வீடு அதில் பாதி அளவுகூட இல்லை, ஆனால் விலை 14 லட்சம். “அக்கா, இப்படி ஒரு வீடு நமக்கு இந்த ஜென்மத்தில் டர்பனில் கிடைக்குமா?” என்று மனைவி கேட்டார்.

இந்தக் கேள்வியை வெவ்வேறு ஊர்ப் பெயர்களோடு பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். ஒருவருக்கு வெல்கம், ஒருவருக்கு கோமானி, ஒருவருக்கு முத்தாத்தா. குடும்பங்களுக்கு வரவு செலவு, கடன், ஓய்வுக்கால நிதி பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். தொடக்கத்தில் நானும் புதிய சம்பளத்தையும் புதிய செலவையும் எதிரெதிரே எழுதி, மிச்சம் கூடினால் “போகலாம்” என்று சொல்லிவிடுவேன். அப்படி நான் சொல்லிப் போன ஒரு குடும்பம் இரண்டே ஆண்டில் திரும்பி வந்தது. வேலை போய்விட்டது, வீட்டை விற்க முடியவில்லை, டர்பனில் வாடகையும் அங்கே பாண்ட் எனப்படும் வீட்டுக் கடன் தவணையும் சேர்த்துக் கட்டினார்கள். என் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த வேலை பதினெட்டாம் மாதம் போய்விட்டால் இந்தக் குடும்பம் அந்த ஊரைவிட்டு வெளியே வர முடியுமா, எத்தனை நாளில், எவ்வளவு செலவில்? இப்போது யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன்.

நியூகாஸிலையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஒரு ஊர் எப்படி எழுந்து எப்படித் தளர்கிறது என்பதை அதன் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. முதலில் நிலக்கரி இருந்தது. 1913 அக்டோபரில், ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்த இந்தியர்மீது போடப்பட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து இந்தியச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது அங்கேதான்; ட்ரான்ஸ்வாலிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் சுரங்கக் குடியிருப்புகளில் பேசித்தான் அந்த நெருப்பு பற்றியது. பிறகு 1970களில் அரசின் இரும்பாலை வந்தது. 1980களில் நிறவெறி அரசு தொழில்களைப் பெருநகரங்களுக்கு வெளியே தள்ளுவதற்காகக் கூலி மானியமும் வேறு சலுகைகளும் கொடுத்தது. அவற்றை நம்பித் தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் முதலாளிகள் வந்து ஆடைத் தொழிற்சாலைகள் திறந்தார்கள். சலுகைகள் நின்று, மலிவான இறக்குமதித் துணி வந்தபோது பல ஆலைகள் மூடப்பட்டன. 2023 நவம்பரில், அந்த இரும்பாலையை நடத்திவந்த ஆர்சலர் மிட்டல் நிறுவனம் தன் நீள் எஃகுப் பிரிவை (கம்பி, தண்டவாளம் போன்றவை செய்யும் பிரிவை) மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 3,500 வேலைகள் பாதிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. பிறகு தள்ளிவைத்தார்கள். 2025 ஜனவரியில் மறுபடி அறிவித்தார்கள், மறுபடி தள்ளிவைத்தார்கள். அந்த மாதங்களில் அங்கே இருந்த குடும்பங்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதா, காரை மாற்றுவதா என்ற எந்த முடிவையும் எடுக்க முடியாமல் தவித்ததை என்னிடம் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆலை மூடினால் அடி ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல. அங்கே உதிரி பாகம் கொடுப்பவர், லாரி ஓட்டுபவர், மதிய உணவு விற்பவர், எல்லாருக்கும் ஒரே வாரத்தில் அடி விழும். வீடு விற்க நினைப்பவர்களும் எல்லாரும் ஒரே வாரத்தில்தான் பலகை வைப்பார்கள்.

அதனால்தான் அந்த 8 லட்சம் ராண்ட் வீட்டைப் பற்றி நான் வேறு விதமாகப் பேசினேன். வாங்குவது எளிது: 2025 ஏப்ரல் முதல் 12 லட்சத்து 10 ஆயிரம் ராண்ட் வரையுள்ள வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி (பெயர் மாற்றத்துக்கான வரி) கிடையாது, வங்கியும் மகிழ்ச்சியோடு பாண்ட் கொடுக்கலாம். ஆனால் வாங்கிய வீட்டை விற்கும்போது ஆள் வேண்டும். அதோடு, நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி, முந்தைய இரண்டு ஆண்டுகளின் தண்ணீர், மின்சாரம், சொத்து வரிப் பாக்கி இல்லை என்று நகராட்சி சான்று கொடுக்காமல் வீட்டைப் பெயர் மாற்ற முடியாது. நல்ல நகராட்சியில் இது சில வாரங்களில் முடியும் வேலை. பில்லே ஒழுங்காக அனுப்பாத நகராட்சியில், இல்லாத பாக்கியை இல்லை என்று நிரூபிப்பதற்கே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும், அதற்குள் வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துவிடுவார்.

எனவே முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள் என்பதே என் பிடிவாதமான ஆலோசனை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காலவரையுள்ள வாடகை ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் நியாயமான ஒரு தொகையைக் கேட்கலாம், அவ்வளவுதான். அந்தத் தொகையும் எட்டு லட்சம் ராண்ட் வீடும் ஒன்றல்ல.

அடுத்து வேலைக் கடிதம். இதில் பெரும்பாலோர் சம்பளத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆட்குறைப்பு நடந்தால் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்ச இழப்பீடு, பணி செய்து முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம். அதாவது, பதினெட்டு மாதம் வேலை செய்தவருக்கு ஒரே ஒரு வாரச் சம்பளம். டர்பன் நிறுவனத்தில் சேர்த்து வைத்த ஒன்பது ஆண்டுச் சேவையை அவர் ராஜினாமா செய்த நாளிலேயே இழந்துவிடுகிறார். மேலும், கடைசியாக வந்தவரை முதலில் அனுப்பும் முறையைத்தான் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. இதனால், முந்தைய பணிக்காலத்தைப் புதிய நிறுவனம் ஏற்றுக்கொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதித் தருமாறு கேளுங்கள் என்கிறேன். தளர்ந்த ஊரில் திறமையான ஆளைத் தேடும் நிறுவனம் இதற்கு ஒத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இடமாற்றச் செலவை நிறுவனம் கொடுத்தால், இரண்டு ஆண்டுக்குள் போனால் திருப்பித் தர வேண்டும் என்ற வாசகம் இருக்கும். நாமாகப் போனால் மட்டுமா, அவர்களே ஆட்குறைப்புச் செய்து அனுப்பினாலுமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த மனைவியின் வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் நான் முன்பு தவறிய இடம் இதுதான். கணவருக்குப் புதிய வேலையில் கையில் கூடுதலாக வருவது 9,000 ராண்ட். மனைவி விட்டுவிட்டுப் போகும் சம்பளம் 16,000 ராண்ட். இந்தக் கழித்தலை இருவரும் செய்து பார்க்கவில்லை என்பதல்ல. “அங்கே போய் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். நாட்டளவிலேயே வேலையின்மை 30 விழுக்காட்டுக்கு மேல். அதுவும், கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியவர்களை மட்டும் எண்ணும் கணக்கு. தேடித் தேடி ஓய்ந்துபோனவர்களையும் சேர்க்கும் விரிந்த கணக்கில் அது 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மாகாணத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அங்கே இரண்டாவது வேலை கிடைப்பது கடினம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கணவரின் வேலைக்காகத் தானாக ராஜினாமா செய்யும் மனைவிக்கு யு.ஐ.எஃப். எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டுப் பணமும் கிடைக்காது, மாதாமாதம் ஒரு விழுக்காடு கட்டியிருந்தாலும் ராஜினாமாவுக்கு அது இல்லை. ஓய்வுக்கால நிதியை எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: 2024 செப்டம்பர் 1 முதல் சேரும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கை வேலையை விட்டாலும் ரொக்கமாக எடுக்க முடியாது.

வேலை விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொது வேலை விசா அதில் பெயர் குறிப்பிட்ட நிறுவனத்தோடு கட்டப்பட்டது. நிறுவனம் மாறினால் விசாவும் மாற வேண்டும். பிள்ளையின் படிப்பு விசாவில் பள்ளியின் பெயரே எழுதப்பட்டிருக்கும், ஊர் மாறிப் பள்ளி மாறினால் அதையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு இதை நினைவுபடுத்திக்கொண்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஊரைப் போய்ப் பாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறேன். போகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை போகிறார்கள், அல்லது மாதத் தொடக்கத்தில், அரசு உதவித்தொகை வந்து கடைத்தெரு நிரம்பி வழியும் நாளில் போகிறார்கள். மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். கடைவீதியில் வாடகைக்கு விடும் பலகைகளை எண்ணுங்கள். பிறகு நீங்கள் குடியிருக்க நினைக்கும் தெருவில் நடந்துபோய், எத்தனை வீட்டுப் பின்கட்டில் பச்சை ஜோஜோ தொட்டி (பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) நிற்கிறது என்று பாருங்கள். ஓரிரண்டு இருந்தால் மழைநீர் சேமிப்பில் ஆர்வமுள்ளவர்கள். வீட்டுக்கு வீடு இருந்தால் அங்கே குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஒருமுறை ஒரு குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். வீட்டு முகவர் சமையலறை அலமாரிகளைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா ஒன்றும் பேசாமல் குழாயைத் திறந்தார். முதலில் காற்று இரைந்தது, பிறகு பழுப்பாகக் கொஞ்சம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. முகவர் “இன்று மட்டும்தான்” என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா வேலிக்கு அப்பாலிருந்து, “புதன்கிழமை வரும், பாப்பா” என்றார்.

தண்ணீரும் மின்சாரமும் சாலையும் வெறும் வசதிப் பிரச்சினைகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021இல் வடமேற்கு மாகாணத்தின் லிக்டன்பர்க்கிலிருந்து குளோவர் நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய பாலாடைக்கட்டி ஆலையை மூடி, நம் டர்பன் பக்கம் குவீன்ஸ்பர்க்குக்குக் கொண்டுவந்தது. சொன்ன காரணம், நகராட்சியால் ஒழுங்காகத் தண்ணீரும் மின்சாரமும் தர முடியவில்லை என்பது. அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட வேலைகள் போயின. நகராட்சி தளர்ந்தால் முதலாளி போகிறார், முதலாளி போனால் நகராட்சியின் வருமானம் இன்னும் குறைகிறது. நாட்டின் 257 நகராட்சிகளின் தணிக்கை முடிவையும் தலைமைத் தணிக்கையாளர் ஆண்டுதோறும் வெளியிடுகிறார். குடிநீர்த் தரத்துக்கு ப்ளூ டிராப் அறிக்கை இருக்கிறது. 2023 அறிக்கையில் 46 விழுக்காடு குடிநீர் அமைப்புகள் கிருமி சார்ந்த தரத்தில் தேறவில்லை. நீங்கள் போகும் ஊர் அதில் எங்கே நிற்கிறது என்று பார்க்க அரை மணி நேரம் போதும்.

பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளிகளில், அரசு கொடுக்கும் ஆசிரியர்களுக்கு மேல், பெற்றோர் கட்டும் பணத்தில் பள்ளி நிர்வாகக் குழு கூடுதல் ஆசிரியர்களை வைத்துக்கொள்கிறது. ஊரில் வேலை போகப்போகக் கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் கூடுகிறார்கள், சட்டப்படி அவர்களுக்கு விலக்கு உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் அந்தக் கூடுதல் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். கட்டடம் அதே, சீருடை அதே, இயற்பியல் சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் பள்ளி அலுவலகத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஐந்து ஆண்டுக்கு முன் எட்டாம் கிரேடில் எத்தனை வகுப்புகள் இருந்தன, இன்று எத்தனை? பத்தாம் கிரேடில் கணிதம் உண்டா, அல்லது அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்தமேட்டிகல் லிட்டரசி மட்டும்தானா? பின்னதை மட்டும் படித்த பிள்ளைக்குப் பொறியியல், மருத்துவம் இரண்டின் கதவும் மூடிவிடும்.

போகவே கூடாது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. நன்றாக வாழும் குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருடைய சம்பளம் அந்த ஊரின் ஒற்றை ஆலையிலிருந்து வருவதில்லை: அரசு மருத்துவமனை மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், கணித ஆசிரியர், வீட்டிலிருந்தே வெளியூர் நிறுவனத்துக்கு வேலை செய்பவர். ஊர் தளர்ந்தாலும் இவர்கள் தேவை குறைவதில்லை. அவர்களில் பலர் டர்பன் வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருந்தார்கள். அம்மா அப்பாவைப் பிரிந்து நான்கு மணி நேரத் தொலைவில் இருப்பதன் வலி வேறு. காவடிக்கும் காரியத்துக்கும் ஓடி வருவதற்கான பெட்ரோல் செலவை மாதக் கணக்கில் எழுதுங்கள் என்று சொல்வேன், எழுதாதவர்கள் கடன் அட்டையில் அதைக் கட்டுகிறார்கள்.

அந்தத் தம்பதியர் எலுமிச்சை மரத்து வீட்டை வாங்கவில்லை. கணவர் முந்தைய ஒன்பது ஆண்டுச் சேவையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு சிறிய வாடகை வீட்டில் தனியாகப் போய் இருக்கிறார். வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்புகிறார். மனைவி இங்கே வேலையை விடவில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போய் இரண்டு வாரம் தங்கிவிட்டு வந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: “அக்கா, எங்கள் தெருவில் 14 வீடு, 11 தொட்டி. ஆனால் ஒரு கணக்கர் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டார்கள்.” டிசம்பரில் பள்ளி முடிந்ததும் இருவரும் சேர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கோப்பை அலமாரிக்குள் வைக்காமல் மேசைமேலேயே வைத்திருக்கிறேன்.