எராடிகேஷன்: ஒழிப்பா, வேரறுப்பா?

நோய்களைப் பற்றிப் பேசும்போது வரும் 'எராடிகேஷன்' (eradication) லத்தீன் வழி வந்த ஆங்கிலச் சொல். 'ராடிக்ஸ்' என்றால் வேர். வேரோடு பிடுங்குவது என்பதே அதன் முதற்பொருள். இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் 'எலிமினேஷன்' என்ற சொல்லுக்கு அடி 'லீமென்', அதாவது வாசற்படி. படிக்கு வெளியே தள்ளுவது. தொற்றுநோயியலில் இன்றைக்கும் வேறுபாடு ஏறக்குறைய இதுதான்.

ஒரு நாட்டுக்குள் உள்ளூர்த் தொற்று பூச்சியமானால் எலிமினேஷன். கிருமி வெளியிலிருந்து மறுபடி நுழையலாம். ஆகவே தடுப்பூசியையும் கண்காணிப்பையும் கைவிட முடியாது. உலகெங்கும் பூச்சியமாகி, தடுப்பு வேலையே தேவைப்படாத நிலை வந்தால்தான் எராடிகேஷன். இதுவரை அந்த நிலையை எட்டியவை இரண்டே: 1980இல் பெரியம்மை, 2011இல் மாடுகளைக் கொன்ற வெக்கை நோய்.

தமிழில் இரண்டையும் 'ஒழிப்பு' என்றே எழுதிவருகிறோம். இதனால் வரும் கேடு சிறிதல்ல. 2005 இறுதியில் இந்தியாவில் தொழுநோயாளர் எண்ணிக்கை பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்பதற்கும் கீழே இறங்கியது. அதற்குப் பெயர் 'பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் எலிமினேஷன்'. நோய் இருந்துகொண்டேதான் இருந்தது. 'ஒழிந்துவிட்டது' என்று நம்புகிறவர் தொழுநோயின் அறிகுறியான உணர்ச்சியற்ற தேமலைப் பொருட்படுத்தாமல் விட்டால், அதற்குள் நரம்பு கெட்டுவிடும். இலங்கையில் 1963இல் மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். கொசு மருந்துத் தெளிப்பைத் தளர்த்தினார்கள். 1968–69இல் லட்சக்கணக்கானோர் காய்ச்சலில் விழுந்தார்கள்.

வேரோடு பிடுங்குவது தனி நாட்டால் ஆகாது. பெரியம்மையை உலகிலிருந்தே நீக்கும் யோசனையை 1958இல் முன்வைத்தது சோவியத் ஒன்றியம். 1967இல் தொடங்கிய தீவிரமான திட்டத்தை வழிநடத்தியவர் அமெரிக்கரான டி.ஏ. ஹெண்டர்சன். பனிப்போர்க் காலத்திலும் சோவியத்தின் உறைஉலர் (உறையவைத்து உலர்த்திய) தடுப்பூசி ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. முனை இரண்டாகப் பிளந்த கவைமுனை ஊசியால் ஆளுக்கு 15 குத்து. நோயாளியைத் தனிமைப்படுத்தி, அவரோடு பழகியவர்களைச் சுற்றி வளைத்துத் தடுப்பூசி. கடைசி இயற்கைத் தொற்று 1977இல் சோமாலியாவில். அங்கே செலவிட்ட உழைப்பின் பலன், எப்போதோ நோய் நீங்கிவிட்ட பணக்கார நாடுகளுக்கும் கிடைத்தது: அவர்களுக்கும் அம்மை குத்தும் செலவு மிச்சம். அறமும் தன்னலமும் இவ்வளவு தெளிவாக ஒன்றுசேர்ந்த வேலை அரிது.

ஆகவே எங்கள் பரிந்துரை: நோயைக் குறைப்பது கட்டுப்பாடு, எலிமினேஷன் நீக்கம், எராடிகேஷன் வேரறுப்பு. 'நீக்கம்' என்று எழுதும்போது எந்த நாட்டில் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் யாரும் பாதிக்கப்படவில்லை. அது இந்தியாவில் போலியோ நீக்கம். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வைரஸ் இன்னும் பரவுவதால்தான் இங்கே சொட்டு மருந்து தொடர்கிறது.