மிகையின்மை: மினிமலிசத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்

ஒரே ஒரு முதுகுப்பையோடு மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்ல அடிக்கடி எடுக்கும் சொல் மினிமலிசம், அதாவது தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வது. தமிழில் இதற்கு எளிமை, சிக்கனம், குறைந்தபட்சவாதம், சிறுமவியம் என்று பல பெயர்களை வைத்துப் பார்க்கலாம். முதல் இரண்டும் நல்ல தமிழ், ஆனால் வேறு பொருளுக்கு உரியவை. மூன்றாவது ஏதோ சுற்றறிக்கையிலிருந்து நழுவி விழுந்தது போல இருக்கிறது. நான்காவதில் கணக்குப் பாட நெடி. பெருமம், சிறுமம் என்று வகுப்பில் படித்தோமே, அந்தச் சிறுமம்தான்.

சரி, மூலச் சொல்லிலிருந்து தொடங்கலாம். லத்தீனில் 'மினிமுஸ்' என்றால் மிகச் சிறியது. மினிமம், மைனர், மைனஸ் எல்லாம் ஒரே குடும்பம். மினிஸ்டரும் இந்த வீட்டுப் பிள்ளைதான். 'தன்னைவிடக் கீழே இருப்பவன், பணியாள்' என்பதுதான் அதன் பழைய பொருள். இப்போது யாரும் அதை நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

'மினிமலிஸ்ட்' என்ற சொல் முதலில் புழங்கியது வீட்டிலும் இல்லை, பையிலும் இல்லை, அரசியலில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யப் புரட்சியாளர்களில் குறைந்த அளவு கோரிக்கைகள் நிறைவேறினால் இப்போதைக்குப் போதும் என்றவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது. எல்லாமே வேண்டும், உடனே வேண்டும் என்றவர்கள் 'மாக்ஸிமலிஸ்ட்'. கலைக்கு அது வந்தது பிறகுதான். 1965இல் ரிச்சர்ட் வோல்ஹைம் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி எழுதிய கட்டுரைக்கு 'மினிமல் ஆர்ட்' என்று தலைப்பு. வெறும் பெட்டிகளையும் உலோகத் தகடுகளையும் அடுக்கிவைத்த அமெரிக்கச் சிற்பிகள்மேல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களில் முக்கியமானவரான டொனால்ட் ஜட்டுக்கு அது பிடிக்கவே இல்லை. இசை, கட்டடம் என்று நகர்ந்து வந்து, கடைசியில்தான் அலமாரிக்கும் பயணப் பைக்கும் வந்து சேர்ந்தது. ஆக, பொருள்களைக் குறைத்து வாழ்வது என்ற பொருள் இந்தச் சொல்லுக்கு மிகப் புதியது. வாழ்க்கை முறை பழையது, பெயர்தான் புதிது.

இதில் நீண்ட பயணம் எங்கே வருகிறது? நான் முதல்முறை ஆறு மாதப் பயணத்துக்குக் கிளம்பியபோது கணக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது: ஒரு வாரத்துக்கு ஒரு பை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பெட்டி. கணக்கு தப்பு. ஐந்து நாள் பயணத்தில் ஐந்து சட்டை எடுத்துப்போனால் துவைக்காமல் திரும்பிவிடலாம். ஆறு மாதம் என்றால் எப்படியும் துவைத்தே ஆகவேண்டும். துவைப்பது என்று ஆகிவிட்டால் மூன்று சட்டை போதும்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். நாள் கூடக்கூடப் பை பெருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், ஏழு நாள் பையைவிட ஏழு மாதப் பை சிறியதாகவே இருக்கலாம்.

எனக்கு இது புரிந்தது ஒரு ரயில் நிலையத்துப் படிக்கட்டில். பெட்டியின் சக்கரம் இரண்டாம் படியிலேயே கழன்று உருண்டது. 20 கிலோவை மாடி வரை தூக்கிக்கொண்டு போனேன். அன்றிரவு எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிப் பார்த்தால், பாதிப் பொருள்களை இரண்டு மாதமாகத் தொடவே இல்லை. தடித்த ஜீன்ஸ் இரண்டு, துவைத்தால் ஒன்றரை நாளுக்குக் காயாதவை. கூடுதல் செருப்பு. மூன்று புத்தகம். 'ஒருவேளை தேவைப்பட்டால்' என்று எடுத்துவைத்த ஒரு கோட்டு. அந்த 'ஒருவேளை' கடைசி வரை வரவில்லை. மிஞ்சியவற்றில் ஓயாமல் கைக்கு வந்தது ஊசியும் நூலும்தான். அப்புறம் தெரிந்தது, தேரவாத பௌத்தத் துறவிகளுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டுப் பொருள்களிலும் ஊசி ஒன்று என்று. மூன்று ஆடை, பிச்சைப் பாத்திரம், இடுப்புக் கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. இன்றைய முதுகுப்பைக்காரர் பலரிடம் வடிகட்டிகூட இருக்கிறது.

சுமைக்கான சொற்களே இந்தச் சிரமத்தைச் சொல்கின்றன. ஆங்கிலத்தில் லக்கேஜ் என்பது 'லக்' என்ற வினையிலிருந்து வந்தது. லக் என்றால் பாரத்தை இழுத்துக்கொண்டு போவது, ஆக லக்கேஜ் என்றால் இழுபடுவது. ரோமப் படைகள் இன்னும் வெளிப்படையானவை. பொதிகளுக்கு 'இம்பெடிமெண்டா' என்றே பெயர் வைத்தன: காலைக் கட்டுபவை. நாம் மட்டும் என்ன, மூட்டை முடிச்சு என்கிறோம். இரண்டுமே கட்டப்பட்டவை.

இனி, தமிழில் எது சரியான சொல்?

எளிமை என்று வைத்தால் வழுக்குகிறது. அது வலுவான சொல், ஆனால் பல முகம் கொண்டது. குறளிலேயே 'காட்சிக்கு எளியன்' என்றால் போய்ப் பார்க்கச் சிரமமில்லாத அரசன். 'எளியன் பகைக்கு' என்றால் சுலபமாகத் தோற்கக்கூடியவன். எளியவர் என்றால் ஏழை. இதெல்லாம் ஒருவர் மற்றவருக்கு எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்கிறது. எளிமையான மனிதர் வீட்டில் மூன்று பீரோ நிறையச் சாமான் இருக்கலாம், எளிமைக்கு அதனால் பங்கமில்லை.

சிக்கனம் செலவைப் பற்றியது. 'சிக்கென' என்றால் இறுக்கமாக. சிக்கனத்தை அதோடு தொடர்புபடுத்துவார்கள், முடிச்சைத் தளர்த்தாத கை. ஆனால் ஒரே ஒரு மழைச்சட்டைதான் என்று முடிவெடுத்தவர், கடையில் இருப்பதிலேயே விலை கூடியதை வாங்குவார். அது சிக்கனம் இல்லை.

'குறை' என்ற அடியில் கட்டிய சொற்கள் எதுவும் எனக்கு ஒப்பவில்லை. தமிழில் குறை என்றால் பழுது, மனத்தாங்கல், போதாமை. 'உனக்கு என்ன குறை?' என்று கேட்கிறோம். மூன்று சட்டையோடு சுற்றுகிறவருக்கு ஒரு குறையும் இல்லை, அதுதானே விஷயம். அவர் குறைவோடு வாழவில்லை. எது அதிகப்படி என்று கண்டுபிடித்து இறக்கி வைத்திருக்கிறார்.

அந்த அதிகப்படிக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: மிகை. துறவு அதிகாரத்தில் வள்ளுவர் பிறப்பையே அறுக்க முனைந்தவர்களுக்கு 'உடம்பும் மிகை' என்கிறார் (குறள் 345). உடம்பே கூடுதல் சுமை, அப்படியிருக்க மற்ற தொடர்புகள் எதற்கு என்று கேட்கிறார். பயணிக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அவர் துறவி இல்லை, திரும்பி வருவார், நல்ல காப்பி தேடுவார். குறளின் இலக்கு நமக்கு வேண்டாம், சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மிகை என்பதற்கு அகராதியில் குற்றம் என்ற பொருளும் உண்டு. மேடையில் 'என்றால் அது மிகையாகாது' என்று தேய்ந்துபோன சொல்தான், இலக்கண வகுப்பில் வல்லினம் மிகும் மிகா இடம் என்று நம்மைப் படுத்திய அதே 'மிகு'தான். மிகை இல்லாத நிலை மிகையின்மை. மினிமலிசத்துக்கு இதையே வைக்கலாம் என்பது என் முடிவு. கலை வரலாற்றில் வரும் மினிமலிசத்தை அப்படியே விட்டுவிடுங்கள், அது ஓர் இயக்கத்தின் பெயர்.

பெயர்ச்சொல் கிடைத்தது, வினைக்கு என்ன செய்வது? 'மிகையின்மையாக்கு' என்றால் வாய் கோணும். இங்கே ஔவையார் உதவுகிறார். புறநானூற்றின் 206ஆம் பாட்டு. அதியமான் பரிசு தரத் தாமதிக்கிறான், ஔவைக்குக் கோபம். வாயில்காப்போனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்: 'காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை.' கலங்களைத் தோளில் போட்டாயிற்று, பையைச் சுருக்கிக் கட்டியாயிற்று. இந்தக் கலப்பை உழுகிற கலப்பை இல்லை, கலம் வைக்கும் பை. யாழும் முழவும் அதில்தான் போகும். பாட்டு 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று முடிகிறது. எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், கையில் தொழிலும் தோளில் சிறிய பையும் இருக்கவேண்டும். பெட்டி பெட்டியாகச் சேர்த்தவரால் அரண்மனை வாசலில் அப்படிக் கோபித்துக்கொண்டு கிளம்ப முடியாது.

'சுருக்கு' இன்னும் உயிரோடு இருக்கிறது, சுருக்குப்பையில், சுருக்கமாகச் சொல் என்பதில். அதனால் என் பரிந்துரை இதுதான்: கொள்கைக்கு மிகையின்மை, செயலுக்குச் சுருக்குதல். 'அவர் மினிமலிஸ்ட்' என்பதை 'அவர் சுருக்கமாக வாழ்கிறவர்' என்று எழுதலாம். பேச்சில் இன்னும் சுலபம். அடுத்த மாதம் கிளம்பும் நண்பரிடம் 'பேக் பண்ணிட்டியா?' என்று கேட்பதற்குப் பதில் 'பையைச் சுருக்கிட்டியா?' என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, உள்ளே போய் இரண்டு ஜீன்ஸை வெளியே எடுத்து வைத்தார்.