ஹேண்டிகேம் கேசட் கம்ப்யூட்டரில் ஏறவில்லையா? முதலில் கேமராவின் திரையைப் பாருங்கள்

பழைய ஹேண்டிகேமையும் ஒரு பை நிறைய கேசட்டையும் மேசையில் வைத்துவிட்டு, வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "அண்ணே, கேபிள் மாட்டிட்டேன், கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்குது. கேசட் போயிடுச்சா?" கேசட்டுக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. கோளாறு எந்த இடத்தில் என்று பார்க்காமல் கண்டதையும் நோண்டுவதில்தான் நல்ல கேசட்டும் நல்ல கேமராவும் வீணாகின்றன.

எதையும் வாங்குவதற்கு முன், கழற்றுவதற்கு முன், ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கேமராவை பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் போடுங்கள். படம் பிடிக்கும் நிலையில் வைக்காமல் விசிஆர் அல்லது பிளே நிலைக்கு மாற்றி, கேசட்டை ஓட்டி, கேமராவின் சின்னத் திரையில் பாருங்கள். அங்கே படம் சுத்தமாக ஓடினால் கேசட்டும், டேப்பைப் படிக்கும் ஹெட்டும் நலம். சிக்கல் கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. அங்கேயே படம் கட்டம் கட்டமாக உடைந்தால் கம்ப்யூட்டரில் எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் பலனில்லை. இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலைக் குறைத்துவிடும்.

திரையில் நன்றாக ஓடுகிறது, கம்ப்யூட்டருக்குத்தான் வரவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மினி டிவி (DV, அதாவது டிஜிட்டல் வீடியோ) கேசட் 1995இல் வந்தது. அதில் பதிந்திருப்பது டிஜிட்டல் தகவல். அதை ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு வழியாக எடுத்தால், கேசட்டில் இருப்பது அப்படியே கம்ப்யூட்டருக்கு வரும். தரம் துளியும் குறையாது. கேமராவின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் 'டிவி' (DV) என்றோ 'ஐ-லிங்க்' என்றோ அச்சிட்ட குட்டி நான்கு பின் துளைதான் அதற்கான வழி. பக்கத்திலேயே யுஎஸ்பி துளையும் இருக்கும். எல்லாருக்கும் பழக்கமானது அதுதான் என்பதால் கை அங்கேதான் போகிறது. ஆனால் பெரும்பாலான மினி டிவி கேமராக்களில் அந்த யுஎஸ்பி, மெமரி கார்டில் எடுத்த போட்டோக்களை இறக்கத்தான். சிலவற்றில் வீடியோவும் வரும், மங்கலாக, வெப்கேம் தரத்தில். அதைப் பார்த்துவிட்டு "கேசட்டே இப்படித்தான் இருக்கு" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

அடுத்தது, ஆன்லைனில் விற்கும் ஒரு ஏமாற்று. ஒரு முனையில் யுஎஸ்பி, மறு முனையில் ஃபயர்வயர் உள்ள கேபிள், நூறு இருநூறு ரூபாய்க்கு. வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு விதமாகப் பேசும் இணைப்புகள். நடுவே சிப் எதுவும் இல்லாமல் வெறும் கம்பியை இணைத்தால் எதுவும் கடக்காது. வேலை செய்யாததோடு போனால் பரவாயில்லை, போர்ட்டையும் கெடுத்துவிட வாய்ப்புண்டு. அதேபோல, கம்ப்யூட்டர் பக்கத்து ஆறு பின் பிளக்கில் மின்சாரமும் வருகிறது. அதைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் டிவி போர்ட் ஒரு நொடியில் செத்துவிடும். வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது. கேமரா ஓடும், படம் வரும், கம்ப்யூட்டர் மட்டும் கண்டுகொள்ளாது. எனவே கேமரா, கம்ப்யூட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள். நான் இதை எல்லாரிடமும் சொல்கிறேன், பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

இன்றைய லேப்டாப்பில் ஃபயர்வயர் துளை கிடையாது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஃபயர்வயர் கார்டு போடுவதுதான் மலிவான வழி. விண்டோஸ் 10இல் கார்டு தெரிகிறது, கேமரா தெரியவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் ஃபயர்வயருக்கென்று தனியாகத் தந்த 1394 லெகசி டிரைவரைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் 'வின்டிவி' என்ற இலவச சாஃப்ட்வேர் போதும்; பார்க்க அழகில்லை, வேலை சுத்தம். ஆப்பிள்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: 2025இல் வந்த மேக்ஓஎஸ் தஹோவில் ஃபயர்வயரே இல்லை. பழைய மேக் வைத்திருந்தால் அப்டேட் அழுத்துவதற்கு முன் கேசட்டுகளை முடித்துவிடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு 'டிவிகிராப்' இருக்கிறது, தலைவலி குறைவு.

சரி, கேப்சர், அதாவது கேசட்டைக் கம்ப்யூட்டரில் பதிவது, தொடங்கிவிட்டது, பத்தொன்பது நிமிடத்தில் நின்றுபோகிறது. இதற்குக் கேசட்டைத் திட்டாதீர்கள். டிவி வீடியோ மணிக்குச் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கணக்குப் போட்டால் அந்தப் பத்தொன்பது நிமிடம்தான். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் ஆக மாற்றினால் தீர்ந்தது. ஃபார்மேட் செய்து மாற்றும்போது டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும், அதையும் நினைவில் வையுங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் பென் டிரைவில் நேரடியாகப் பதிகிறீர்களா, பின்னணியில் ஆன்டிவைரஸ் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கல்யாண கேசட்டுகளில் இன்னொரு தொல்லை. தாலி கட்டியதும் கேமராமேன் பின்னால் ஓட்டிப் போட்டுக் காட்டியிருப்பார், திரும்ப சரியான இடத்தில் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி ரெக்கார்டை அழுத்தியிருப்பார். நடுவே சில நொடி வெற்று டேப். டேப்பில் கூடவே பதிந்து வரும் நேரக் குறிப்பான டைம்கோடு அங்கே அறுந்து, சாஃப்ட்வேர் கேசட் முடிந்துவிட்டது என்று நின்றுவிடும். அதைத் தாண்டி ஓட்டிப் பாருங்கள், மீதி சாப்பாட்டுப் பந்தி முழுக்க அங்கே இருக்கும்.

இனி, கேமராவின் திரையிலேயே படம் உடைகிறவர்களுக்கு. பெரும்பாலும் ஹெட் அழுக்குதான். உலர் கிளீனிங் கேசட்டைப் பத்து நொடி ஓட்டி நிறுத்துங்கள், ரீவைண்ட் செய்யாதீர்கள். அதிகம் ஓட்டினால் ஹெட் தேயும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சோடு உள்ளே விரல் விட வேண்டாம். ஹெட் பொருந்திய டிரம் நிமிடத்துக்கு 9000 சுற்று சுற்றுவது, ஒரு பஞ்சு இழை சிக்கினால் போதும். ஒரு கேசட் மட்டும் உடைந்து மற்றவை நன்றாக ஓடினால், அது ஒரே டேப்பில் அதிக நேரம் பிடிக்கும் எல்பி முறையில் பதிந்ததா என்று பாருங்கள். எல்பியில் தடம் ஒடுங்கலாக இருப்பதால், எடுத்த அதே கேமராவில்தான் பல நேரம் சரியாக ஓடும்.

கேசட்டின் ஜன்னலில் டேப்பின் ஓரம் வெள்ளைப் பொடியாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில், மரபீரோவுக்குள், பத்து பதினைந்து வருடம் இருந்தால் வராமல் என்ன செய்யும்? அதைக் கேமராவில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டும். தொழில்காரரிடம் கொடுத்துவிடுங்கள். சோனி கேமராவில் சி:21 என்று மின்னினால் பயப்பட வேண்டாம், உள்ளே ஈரம் கோத்திருக்கிறது என்று பொருள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த உடனே வரும். கேசட் கதவைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

இங்குள்ள கேமராவில் எடுத்த கேசட், அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் பரிசளித்த கேமராவில் ஓடவில்லையா? வீடியோ பதியும் முறை அங்கே என்டிஎஸ்சி, இங்கே பால் (PAL). கேசட் ஒரே அளவு, பதிவு வேறு. பால் கேமரா ஒன்றை இரவல் வாங்குங்கள்.

டேப் இல்லாத மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க் கேமராக்கள் பற்றி ஒரு வரி: எம்டிஎஸ் என்று முடியும் வீடியோ ஃபைல்களை மட்டும் தனியே இழுக்காமல் முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுங்கள். நீளமான பதிவுகளைக் கேமரா துண்டு துண்டாகத்தான் வைத்திருக்கும்; அவற்றைச் சேர்க்க வேண்டிய விவரம் அந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது.

கடையில் கொடுத்து மாற்றுகிறவர்கள் டிவிடி மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அது மறுபடியும் சுருக்கிய நகல். "கேப்சர் பண்ண ஏவிஐ ஃபைல் வேணும்" என்று கேட்டு, சொந்த ஹார்டு டிஸ்க்கைக் கொடுங்கள். ஒரு டிபி டிஸ்க்கில் எழுபது கேசட்டுக்கு மேல் அடங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி4 தனியாகப் போட்டுக்கொள்ளலாம். கேசட்டுகளையும் திருப்பி வாங்கி, நிற்க வைத்து அடுக்குங்கள். சோனி 2025 பிப்ரவரியில் மினி டிவி கேசட் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஓடுகிற கேமரா கையில் இருப்பவர்கள் அதை இந்த ஆயுத பூஜைக்குப் பழைய சாமானில் போட்டுவிடாதீர்கள்.