வெள்ளைச் சுவரும் பன்னிரண்டு டவுன்லைட்டும்

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டுவார்கள். வெள்ளைச் சுவர், வெளிர் மரத் தரை, சாம்பல் நிற சோபா, மூலையில் ஒரு செடி. "எங்களுக்கு இந்த ஸ்காண்டிநேவியன் ஸ்டைல்தான் வேண்டும்." நான் வீட்டு உள்ளலங்காரம் செய்பவன், வேலை பார்ப்பது டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில். டேனிஷ்காரர்களே வந்து இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை.

படத்தைப் பார்த்ததும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இது எத்தனை மணிக்கு எடுத்தது? பெரும்பாலும் கோடைக்காலத்துப் பகல். ஜன்னல் வழியே வெயில் கொட்டும்போது எந்த வீடும் அழகுதான். டிசம்பரில் இந்த ஊரில் சூரியன் இருப்பதே ஏழு மணி நேரம். நடுப்பகலில்கூட அடிவானத்திலிருந்து சுமார் 11 டிகிரிதான் ஏறும். எதிர்வரிசைக் கட்டடம் மறைத்தால் அதுவும் கிடையாது. மூன்றே முக்காலுக்கு இருட்டிவிடும். அந்தப் படத்து வீட்டில் அப்போது என்ன தெரியும்?

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் ஓஸ்டர்ப்ரோ பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு கிடைத்தது. வடக்குப் பார்த்த கூடம். நல்ல வெயிலில் வளர்ந்தவன் நான், இருட்டு என்றாலே வெள்ளை அடித்து விளக்கைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சுத்த வெள்ளை அடித்தோம். சீலிங்கைத் தாழ்த்தி பன்னிரண்டு டவுன்லைட் பதித்தோம். 4000 கெல்வின் எல்இடி, அதாவது மஞ்சள் சேராத வெளுத்த வெளிச்சம். ஜூன் மாதம் சாவியைக் கொடுத்தபோது கைகுலுக்கிப் பாராட்டினார்கள். நவம்பரில் அந்த அம்மாள் போன் செய்தார். "ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. என் புருஷன் சமையலறையிலேயே நின்றுகொண்டு சாப்பிடுகிறார்."

போய்ப் பார்த்தேன். சொன்னது அத்தனையும் உண்மை. வடக்கு ஜன்னல் வழியே வருவது நேர் வெயில் அல்ல, வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம். சுத்த வெள்ளைச் சுவர் அதை வாங்கிச் சாம்பலாகத்தான் திருப்பித் தரும். மேலிருந்து நேராக விழுகிற டவுன்லைட்டோ, எதிரே இருப்பவர் கண்ணுக்கடியில் குழி விழ வைத்துவிடும். அறையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. உட்காரத்தான் ஓர் இடம் இல்லை.

இதைப் பற்றி நூறு வருடத்துக்கு முன்பே மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவர் இந்த ஊரில் இருந்தார். போல் ஹென்னிங்ஸன், 1894இல் பிறந்தவர். இங்கே எல்லோருக்கும் அவர் 'பிஹெச்'. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் வளர்ந்த தலைமுறை. மின்சார பல்பு வந்தபோது அதன் கூச்சம் அவருக்குப் பொறுக்கவில்லை. 1920களில் மூன்று ஷேடுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி ஒரு விளக்கு செய்தார். ஷேடுகளின் வளைவைக் கணக்குப் போட்டு, சுற்றச் சுற்ற விரிந்துகொண்டே போகும் மடக்கைச் சுருள் என்கிற வடிவத்திலிருந்து எடுத்தார். கண்ணுக்கு பல்பு தெரியக்கூடாது, ஆனால் வெளிச்சம் வீணாகவும் கூடாது. அவ்வளவுதான் அவருடைய பிடிவாதம்.

1958இல் வந்தது 'பிஹெச் 5'. பெரிய ஷேடின் விட்டம் 50 சென்டிமீட்டர், பெயரில் இருக்கும் ஐந்து அதுதான். டென்மார்க்கில் சாயங்காலம் தெருவில் நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் இதைப் பார்க்கலாம். பல்பு கம்பெனிகள் அளவையும் வடிவத்தையும் மாற்றிக்கொண்டே இருந்ததில் அலுத்துப்போய், எந்த பல்பைப் போட்டாலும் கூசாதபடி இதைச் செய்தார். உள்ளே குனிந்து பார்த்தால் சின்னதாகச் சிவப்பும் நீலமும் பூசியிருக்கும். அழகுக்காக அல்ல. வானவில்லின் நடுவிலிருக்கும் மஞ்சளும் பச்சையும்தான் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், இரண்டு ஓரங்களிலும் இருக்கும் சிவப்பும் நீலமும் மங்கல். அந்த ஓரங்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் வெளிச்சம் இதமாகும் என்பது அவர் கணக்கு.

இந்த விளக்கின் மலிவு நகல்கள் நிறையக் கிடைக்கின்றன. வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் பணம், உங்கள் மனசாட்சி. ஆனால் வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்க வேண்டிய உயரத்தில் தொங்கவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்தாவது பல்பு கண்ணில் குத்தினால், அது பிஹெச் விளக்கு மாதிரி இருக்கும் தகரம்.

இந்தத் தொழிலில் எனக்குப் பாடம் சொன்னவை வீடுகள்தான். கிடைத்த விடுமுறையிலெல்லாம் போய்ப் பார்த்தேன். அதில் முதலில் சொல்ல வேண்டியது வீடே அல்ல, ஆஸ்பத்திரி. பின்லாந்தின் துர்க்கு நகருக்குப் பக்கத்தில் பைமியோ என்ற ஊரில் அந்த நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ கட்டி 1933இல் முடித்த காசநோய் மருத்துவமனை. (பின்லாந்தை ஸ்காண்டிநேவியாவில் சேர்த்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். சரி, பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்வோம்.) நோயாளி மாதக்கணக்கில் படுத்தே கிடப்பவர். அவர் நாள் முழுக்கப் பார்ப்பது சுவரை அல்ல, சீலிங்கை. அதனால் ஆல்டோ அங்கே சீலிங்குக்குக் கரும்பச்சை அடித்தார். விளக்கைப் படுத்திருப்பவர் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பக்கூடாது என்று கை கழுவும் தொட்டியின் சரிவைக்கூட மாற்றினார். அன்று அந்தச் சீலிங்கை அண்ணாந்து பார்த்தபோது ஓஸ்டர்ப்ரோவில் நான் பதித்த பன்னிரண்டு டவுன்லைட்டும் ஞாபகத்துக்கு வந்தன.

கோபன்ஹேகனுக்கு வடக்கே ஓர்ட்ரூப்பில், டேனிஷ் மரச்சாமான் வடிவமைப்பாளர் ஃபின் யூல் தனக்காக 1942இல் கட்டிக்கொண்ட வீடு இருக்கிறது. இப்போது யாரும் போய்ப் பார்க்கலாம். கூடத்தில் நுழைந்ததும் ஏதோ கூடாரத்துக்குள் நிற்பது போலிருக்கும். ஏன் என்று பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சீலிங்குக்கு இளமஞ்சள் அடித்திருக்கிறார். கித்தான் துணி வழியே வெயில் வடிகிற நிறம் அது.

அப்புறம் ஸ்வீடன். டாலர்னா மாகாணத்தில் சுண்ட்போர்ன் என்ற சின்ன ஊர். ஓவியர் கார்ல் லார்ஷனும் கரினும் பிள்ளைகளோடு வாழ்ந்த வீடு. அவர் வரைந்த அந்த வீட்டுப் படங்கள் 1899இல் புத்தகமாக வந்தன. ஸ்வீடன் வீடு என்றால் இப்படித்தான் என்று உலகத்துக்கே பதியவைத்தவை அவை. அங்கே போய் வெள்ளை தேடினால் ஏமாந்துபோவீர்கள். சாப்பாட்டு அறையில் பச்சையும் சிவப்பும். கரின் நெய்த துணிகள் இன்றைக்கும் நேற்று நெய்த மாதிரி துணிச்சலான வடிவங்கள். கார்ல் பெயர் தெரிந்த அளவுக்குக் கரின் பெயர் வெளியே தெரியாததில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். பெயின்ட் கடைக்குப் போகுமுன், இருட்டிய பிறகு ஒரு நாள் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு கூடத்தில் உட்காருங்கள். யார் எங்கே உட்காருவார், எங்கே படிப்பார், எங்கே சாப்பிடுவார் என்று யோசியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்ன விளக்கு போதும். இங்கே ஒரு சாதாரணக் கூடத்தில் ஐந்தாறு விளக்குகள் இருக்கும், ஒன்றும் பெரிதாக இராது. பல்பு 2700 கெல்வின், மஞ்சள் கலந்த வெளிச்சம். அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ என்று, நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதைச் சொல்லும் ஓர் எண் போட்டிருப்பார்கள், அது 90க்குக் கீழே இருந்தால் சாம்பாரின் நிறமே மாறித் தெரியும். சாப்பாட்டு மேசைக்கு மேல் விளக்கின் அடி விளிம்பு சுமார் 60 சென்டிமீட்டரில் நிற்கட்டும். ரொம்பத் தாழ்வாக இருக்கிறதே என்று எலக்ட்ரீஷியன் நிச்சயம் சொல்வார். உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சுவருக்கு வெள்ளையே வேண்டுமென்றால், ஒரு துளி மஞ்சளோ சிவப்போ கலந்த வெள்ளை. அதையும் சின்ன அட்டையில் பார்த்து முடிவு செய்யாமல், சுவரில் ஒரு மீட்டருக்கு அடித்துப் பகலிலும் இரவிலும் பாருங்கள்.

மெழுகுவத்தி பற்றியும் ஒரு வார்த்தை. டேனிஷ் மொழியில் அதற்கு 'உயிருள்ள வெளிச்சம்' என்று பெயர், குளிர்காலத்தில் அது இல்லாத மேசை அபூர்வம். எனக்கும் பிடிக்கும். ஆனால் மூடிய அறையில் நாலைந்து எரிந்தால் நுண்துகள் நிறையச் சேரும். திரியை வெட்டி வையுங்கள், காற்று நேராகப் படாத இடத்தில் ஏற்றுங்கள், அணைத்ததும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

ஓஸ்டர்ப்ரோ வீட்டை என் செலவிலேயே திருத்திக் கொடுத்தேன். தாழ்த்திய சீலிங்கைப் பிரித்ததும் உள்ளே பழைய சுண்ணாம்புப் பூவேலை முழுசாக இருந்தது. விளக்கு ஒயர் அதன் நடுவிலிருந்து வருகிறது, மேசையோ ஜன்னலோரம். ஒயரை நீளமாக்கி, மேசைக்கு நேர் மேலே ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டினோம், இங்கே பல வீடுகளில் செய்வதுதான். மூன்று வருடம் கழித்து அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். போகிறவர்கள் விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போவது இந்த ஊர் வழக்கம், அவர்களும் டவுன்லைட்டுக்குப் பதிலாக நான் வைத்த ஆறு விளக்கையும் எடுத்துப்போனார்கள். புதிதாக வந்தவர் என் நம்பரை எப்படியோ பிடித்து, சீலிங்கில் ஓரமாக ஒரு கொக்கி இருக்கிறதே, எதற்கு, பிடுங்கிவிடலாமா என்று கேட்டார். மேசையை அதன்கீழ் போட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள் என்றேன். இதுவரை போன் வரவில்லை.