பென்சன் எடுத்தவருக்கு உரியது உபகாரமா, ஊதியமா?

மட்டக்களப்பில் ஒருவர் "ஓய்வு பெற்றுவிட்டார்" என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. "பெரியப்பா போன வருசமே பென்சன் எடுத்திட்டார்" என்றுதான் சொல்வார்கள். கோப்பு இன்னும் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்கும், ஒரு சதமும் கைக்கு வந்திருக்காது. ஆனாலும் வேலையை விட்ட அன்றே அவர் பென்சன் எடுத்தவர். அப்புறம் மாதம்தோறும் 10ஆம் திகதி வங்கியில் போய் எடுப்பதும் பென்சன்தான். வேலை முடிந்ததற்கும் அதற்குப் பின் வரும் காசுக்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல்.

இந்தச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'பெண்டெரெ' என்றால் தொங்கவிடுவது, தராசில் நிறுப்பது. நாணயத்தை எண்ணாமல் உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்தில், நிறுப்பது என்ற சொல்லே கொடுப்பதையும் குறித்தது. அதிலிருந்து 'பென்சியோ', அதாவது கொடுப்பனவு. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனபோது, அரசரோ பிரபுவோ தமக்கு வேண்டியவருக்கு ஆண்டுதோறும் விரும்பிக் கொடுக்கும் பணம் என்ற பொருளும் அதில் சேர்ந்துகொண்டது. ஆங்கிலேயர் ஆட்சியோடு அந்தச் சொல் நமக்கும் வந்தது.

அந்த 'விரும்பிக் கொடுக்கும்' என்பதுதான் என்னை உறுத்துகிறது. பழைய தமிழ் அகராதிகளில் பென்சனுக்கு 'உபகாரச் சம்பளம்' என்று பொருள் இருக்கும். உபகாரம் என்றால் உதவி, தயவு. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது, சட்டமே அப்படித்தான் பேசியது. அரச ஊழியரின் ஓய்வூதிய விதிகளைச் சொல்லும் இலங்கையின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதல் பிரிவே, அரச ஊழியருக்கு ஓய்வூதியம் முழுமையான உரிமை அல்ல என்றுதான் தொடங்குகிறது.

என் பெரியப்பா 32 வருடம் படிப்பித்தவர். அதில் பாதிக் காலம் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூர்ப் பக்கம் போய் வந்தார். பாதை என்றால் இங்கே வாவியைக் கடக்கும் மிதவை. மாரியில் காற்று மாறினால் அக்கரையிலேயே தங்கிவிடுவார். பென்சன் கோப்பில் ஒரு கடிதம் குறைகிறது என்று ஓர் அலுவலகத்துக்கு மூன்று தரம் அலைந்தார். மூன்றாம் தரம் நானும் கூடப் போனேன். "அரசாங்கம் சும்மாதானே தருது, கொஞ்சம் பொறுங்க ஐயா" என்றார் அங்கே இருந்த தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. வீடு வரும் வரைக்கும் பேசவில்லை. அந்த 'சும்மா'வுக்குள் உபகாரச் சம்பளம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் பட்டது.

இன்று பென்சனைக் கவனிக்கும் அரச திணைக்களத்தின் பெயரிலேயே இருக்கும் சொல் ஓய்வூதியம். ஓய்வு, ஊதியம் என்ற இரண்டும் சேர்ந்தது. ஓய்தல் என்றால் நின்று அடங்குதல். மழை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது என்கிறோமே, அதுதான். ஊதியம்தான் இதில் கனமான பகுதி. இன்றைக்கு அது சம்பளம். பழைய தமிழில் இலாபம், பெற்ற பயன். 'ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு' என்ற குறளில் அந்தப் பழைய பொருளைக் காணலாம். முதலும் உழைப்பும் போட்டவன் பெறும் பயன் என்ற பொருள், செய்த வேலைக்குப் பெறும் கூலியாக நகர்ந்தது. எந்தப் பொருளில் எடுத்தாலும் ஊதியம் பிச்சை ஆகாது. உபகாரத்தைத் தள்ளிவிட்டு ஊதியத்தைக் கொண்டுவந்து வைத்தவர் யாராக இருந்தாலும் நன்றாகச் செய்தார்.

இலங்கைத் தமிழில் இன்னொரு அழகான சொல்லும் உண்டு: இளைப்பாறிய ஆசிரியர், இளைப்பாறிய அதிபர். இளைப்பு ஆறுவது என்றால் களைப்புத் தீர்வது. ஓய்வு வேலை நின்றதைச் சொல்கிறது, இளைப்பாறுதல் அவர் களைத்தார் என்பதையும் சொல்கிறது. ஆளைக் குறிக்க எனக்கு இதுவே பிடிக்கும். காசைக் குறிக்க ஓய்வூதியம், அதைப் பெறுபவர் ஓய்வூதியர். சரி, பேச்சில் பென்சன் என்றே இருக்கட்டும், அது நம் வாய்க்குப் பழகிய சொல்.

பணிக்கொடை என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. கிராட்டுவிட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் நன்றி, மகிழ்ச்சி என்னும் இலத்தீன் சொல். சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவருக்கு வைக்கும் சந்தோசக் காசுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். அதைக் 'கொடை' என்று பெயர்த்துவிட்டோம். ஆனால் அரச ஊழியர் ஓய்வுபெறும்போது மொத்தமாக வருவது, அவருடைய குறைத்த ஓய்வூதியத்தின் 24 மாதத் தொகை. அதை முன்கூட்டிக் கொடுத்ததற்காக முதல் பத்து வருடம் மாதக் காசு குறைவாகவே வரும். தனியார் துறையிலோ 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். இதில் கொடை எங்கே இருக்கிறது? என்னைக் கேட்டால் 'பணிநிறைவு ஊதியம்' என்பேன்.

பெரும்பாலும் தனியார் துறையினருக்கான, ஈபிஎப் என்று எல்லாரும் சொல்லும் ஊழியர் சேமலாப நிதியின் பெயரிலும் பொருள் இருக்கிறது. சேமம் என்றால் நலம், பாதுகாப்பு. சேமிப்பு என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததுதான். தமிழ்நாட்டில் இதை வருங்கால வைப்பு நிதி என்பார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியும் 12 வீதம் முதலாளியும் இதில் போட வேண்டும். அரச ஓய்வூதியம் அந்தந்த வருட அரச வருமானத்திலிருந்து போகிறது, அதற்கென்று முதலிட்டு வைத்த நிதி இல்லை. சேமலாப நிதியை மத்திய வங்கி முதலிடுகிறது, பெரும்பகுதி திறைசேரி முறிகளில், அதாவது அரசாங்கம் கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரங்களில். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அந்த முறிகள் நீண்ட தவணைக்கு மாற்றப்பட்டபோது, நெல் ஆலையிலும் தையல் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்களின் காசுதான் அதற்குள் இருந்தது. பெயரில் இலாபம் என்று இருப்பதால் அதைக் கணக்குக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

உண்மையான கொடை வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கப் பள்ளிக்கூடங்களில் ஓய்வுபெறும் ஆசிரியருக்குச் சேவைநலன் பாராட்டு விழா எடுப்பார்கள். பொன்னாடை போர்த்தி, சட்டகம் போட்ட வாழ்த்துப்பாவை வாசித்துக் கொடுப்பார்கள். சிலருக்கு மணிவிழா மலரும் வரும். பெரியப்பாவுக்கும் இதெல்லாம் கிடைத்தது. விழா முடிந்து அவர் பாதையடிக்கு வந்தபோது, அவரிடம் படித்த ஒருவர் ஒரு மூடை நெல்லும் இரண்டு சட்டி எருமைத் தயிரும் கொண்டுவந்து ஏற்றிவிட்டார். எந்தச் சட்டமும் அவரைக் கொடுக்கச் சொல்லவில்லை. கொடை என்ற சொல்லை நான் அந்த மூடைக்குத்தான் எழுதுவேன்.